பதில் சொல்லாத மெஷின்

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் காலையில் வந்ததும் எல்லோரும் கம்ப்யூட்டரில் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டுவார்கள். தட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். ரத்தப் பிரிவுக்காரர் சாவகாசமாக முகம் கழுவி, தலை வாரி, வாரிய தலையைக் கலைத்து மறுபடியும் வாருவார். எக்ஸ்ரே அறைப் பெண் மகனுடைய டீச்சரோடு போனில் சண்டை போட்டு, சமாதானமாகித் திரும்புவாள். திரை அப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும். கேஷியருக்கும் ஸ்டோர்ஸ்காரருக்கும் கல்யாணம் நிச்சயமானதே லாகினுக்குக் காத்திருந்த நேரத்தில்தான். இப்போது அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். சிஸ்டம் இன்னும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் பொறுப்பாளி நான்தான். அங்கே இருக்கிற யூனிக்ஸ் மெஷின்களையெல்லாம் கட்டி மேய்க்கும் சிஸ்டம் அட்மின். ஏன் சார் இவ்வளவு நேரமாகிறது என்று யாராவது கேட்டால் "நெட்வொர்க்" என்பேன். டாக்டர்கள் வைரஸ் என்று சொல்வதைப் போலத்தான். அதற்கு மேல் யாரும் தோண்டிக் கேட்பதில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஆபீசில் ஒரு பேச்சு உண்டு. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நீங்கள் லாகின் செய்ததும் மெஷின் ஒரு ஃபைலைத் திறந்து, அதில் எழுதியிருப்பதை மேலிருந்து கீழே வரி வரியாகச் செய்துகொண்டு வரும். ஒரு வரி முடியாமல் அடுத்த வரிக்குப் போகாது. எல்லாம் முடிந்த பிறகுதான் உங்களை உள்ளே விடும். எங்கள் ஃபைலில் ஒவ்வொரு வரியும் நெட்வொர்க்கில் இருக்கும் ஏதோ ஒரு மெஷினிடம் போய் ஏதோ ஒன்றைக் கேட்டது. அது பதில் சொல்லும் வரை நீங்கள் கறுப்புத் திரையில் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தெரிந்தும் நான் அதில் கை வைக்கவில்லை. காரணம், அந்த ஃபைலை எழுதியவர் என் மாமனார்.

எனக்கு முன்னால் அங்கே அட்மினாக இருந்தவர் அவர். அவருக்குக் கீழேதான் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் சர்வர் ரூம் சாவியைக் கொடுத்தார், பிறகு பெண்ணைக் கொடுத்தார். இரண்டு தடவையும் "பத்திரம்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். ரிட்டயர் ஆனதும் எங்களோடு வந்துவிட்டார். மாமியார் போய்ச் சேர்ந்து வெகு நாளாகிறது, தனியாக விட முடியாது. வந்த கையோடு வீட்டு ஸ்விட்சுகளுக்கெல்லாம் நம்பர் ஒட்டினார். நான் குழாயை மூடினால் பின்னாலேயே வந்து இன்னொரு திருகு திருகுவார். சாப்பிட உட்கார்ந்தால் அந்த லாகின் ஃபைலில் கை வைக்கவில்லையே மாப்ள என்று விசாரிப்பார். இல்லை மாமா என்பேன்.

இந்த லட்சணத்தில்தான் புது மேனேஜர் அம்மா வந்தார். வாசலில் இருந்த வருகைப் பதிவு மெஷின் வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும், இனிமேல் லாகின் முடிகிற நேரம்தான் வேலைக்கு வந்த நேரம் என்று உத்தரவு போட்டார். லாகின் ஆரம்பிக்கிற நேரத்தை எடுத்துக்கொள்ளலாமே என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தேன். வாசலில் வண்டியை நிறுத்துகிற நேரத்தையா சார் வேலைக்கு வந்த நேரம் என்று எழுதுவார்கள் என்று கேட்டார். ஒரு டீ குடிக்கிற நேரம் முன்னதாகக் கிளம்பி வர எல்லோரும் பழகிக்கொண்டார்கள். என்னைத் திட்டிக்கொண்டேதான் பழகினார்கள்.

என் மனைவியால் மட்டும் தப்பிக்க முடியவில்லை. சாம்பிள் வாங்கும் கவுன்ட்டரில் அவளுக்கு வேலை. அந்தப் பக்கத்துக் கதவை வாட்ச்மேன் கடைசியாகத்தான் திறப்பார். போதாததற்கு அவளுடைய லாகின் மற்றவர்களுடையதைவிடவும் இழுத்தது. நோயாளிகள் பாட்டிலைக் கைக்குட்டையில் மறைத்துப் பிடித்துக்கொண்டு வரிசையில் நெளிவார்கள். இவள் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். தினமும் லேட் மார்க். வருகிற வாரமும் இப்படியே போனால் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கிளைக்கு மாற்றல் என்று மேனேஜர் அம்மா கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அங்கே போனால் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். லீவு கிடைத்தால் வீட்டுக்கு வரலாம்.

மனைவியைப் பிரிய வேண்டுமே என்ற துக்கம்தான் எனக்கு முதலில் வந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன். அதற்குப் பின்னாலேயே இன்னொரு காட்சி வந்தது. நானும் மாமனாரும் மட்டும் அந்த வீட்டில், நம்பர் பிரகாரம் விளக்குகளை அணைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

வழக்கமாக என்னைத் திட்டுவதற்குச் சாக்குத் தேடுகிறவள் இந்த விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அப்பாவிடம் மாற்றல் பற்றி மூச்சு விடாதீர்கள் என்று மட்டும் சொன்னாள். பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மாமாவாவது மண்ணாவது என்று முடிவு செய்து ஃபைலைத் திறந்தேன்.

மாமனாருக்கு யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாது. யார் எது கேட்டாலும் லாகின் ஃபைலின் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுவார். பஞ்சு தீர்ந்தால் முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று ஸ்டோர்ஸ் கேட்டிருக்கிறது. அதனால் ரத்தப் பிரிவு, எக்ஸ்ரே, வாட்ச்மேன் எல்லோரும் உள்ளே வருமுன் பஞ்சு இருப்பை விசாரித்தார்கள். ஒரு பழைய மேனேஜருக்காக எல்லோரும் தலைமை அலுவலகத்திலிருந்து இன்றைய சிந்தனையை வரவழைத்தார்கள். எல்லா பிரிண்டர்களிடமும் நலமா என்று கேட்டார்கள். அதில் ஒன்றை ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தானமாகக் கொடுத்து எத்தனையோ காலம் ஆகிறது. எல்லாவற்றுக்கும் உச்சம் அந்தப் பழைய டாக்டர். அவர் பெண் வெளிநாட்டில் குளிர் ஊரில் இருந்தாளாம், அங்கே பனி பெய்கிறதா என்று காலையில் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாராம். டாக்டர் வேலையை விட்டுப் போய்விட்டார். பெண் ஊர் திரும்பி அவளுக்குப் பிள்ளைகளும் பிறந்துவிட்டன. எங்கள் கூடத்தில் பெருக்குகிற அம்மா முதற்கொண்டு எல்லோரும் தினமும் காலையில் அந்த ஊரில் பனி எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கிக்கொண்டிருந்தோம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கேட்டதும் "இல்லை, போ" என்று விரட்டுகிற மெஷினால் ஒரு தொந்தரவும் கிடையாது. கேட்டவன் சரி என்று அடுத்த வரிக்குப் போய்விடுவான். செத்துப்போன மெஷின்தான் ஆபத்து. அது இல்லை என்றும் சொல்லாது, உண்டு என்றும் சொல்லாது. கேட்டவன் இப்போது வரும், இப்போது வரும் என்று நின்றுகொண்டே இருப்பான். எங்கள் ஃபைலில் பாதி மெஷின்கள் அந்த ரகம்.

பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வழித்தெறிந்தேன். உண்மையிலேயே தேவைப்பட்ட ஓரிரண்டு விவரங்களை அந்தந்த மெஷினிலேயே ஒரு பிரதி எடுத்து வைத்தேன். வெளியே போய்க் கேட்கிற வேலையே இல்லை. பஞ்சு இருப்பு மாதிரி வேண்டியதை, ஆளை உள்ளே விட்ட பிறகு பின்னணியில் ஓட வைத்தேன். அதற்கும் கொஞ்ச நேரத்தில் பதில் வராவிட்டால் விட்டுவிடு என்று கெடு வைத்தேன். முதலில் ஆளை உள்ளே விடு, உபசாரமெல்லாம் அப்புறம்.

எல்லோரையும் வெளியேறி மறுபடி லாகின் செய்யச் சொன்னேன். ரத்தப் பிரிவுக்காரர் பழக்க தோஷத்தில் தட்டிவிட்டு முகம் கழுவப் போனார். திரும்பி வந்து பார்த்தால் திரை திறந்திருக்கிறது. தன் பெயரில் வேறு யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று என்னிடமே புகார் சொல்ல வந்தார். எக்ஸ்ரே அறைப் பெண்ணுக்கு முகம் தொங்கிவிட்டது, இனிமேல் டீச்சரிடம் எப்போது பேசுவது என்று. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு கவுன்ட்டருக்குப் போனேன்.

அங்கே கறுப்புத் திரை. என் மனைவி அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பொதுவான ஃபைலைத் தவிர ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு லாகின் ஃபைல் உண்டு. பெரும்பாலும் அது காலியாகத்தான் இருக்கும். அவளுடையதைத் திறந்தேன். ஒரே ஒரு வரி இருந்தது. அது யானையிடம் போய் ஒரு வாக்கியம் கேட்டது. யானை என்பது மாமனாரின் மேஜையில் இருந்த பழைய மெஷின். உருவத்தைப் பார்த்து அவரே வைத்த பெயர். அவர் ரிட்டயர் ஆன பிறகு ஒரு இடி மழையில் அது புகைந்துபோனது. சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் ஓரமாக நகர்த்தினார்கள். பழைய இரும்போடு இரும்பாக அதுவும் லாரி ஏறிவிட்டது. அந்த வரியில் கெடு எதுவும் வைக்கவில்லை. மெஷினே அலுத்துப்போய்க் கைவிடுகிற வரை காத்திருந்தது.

என்ன இது என்று கேட்டேன். அவள் என்னைச் சாம்பிள் வைக்கும் ஃபிரிட்ஜ் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். சிறுநீர் பாட்டில்களின் நடுவில் நின்று விஷயத்தைச் சொன்னாள். அப்பா வேலையை விட்டுப் போகும்போது மகளுக்காக நிறைய வாக்கியங்கள் எழுதி யானையில் போட்டுவிட்டுப் போனாராம். லாகின் செய்தால் தினம் ஒன்று வரும். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் இன்றைக்கு என்ன வந்தது என்று கேட்பார். யானை செத்த அன்று ஒன்றும் வரவில்லை. அதைச் சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. தானே ஒன்றைக் கட்டிச் சொல்லிவிட்டாள். அன்று முதல் தினமும் அதே வேலை.

அந்த வாக்கியங்களையெல்லாம் நான் சாப்பாட்டு மேஜையில் கேட்டிருக்கிறேன். வரிசையில் நிற்பவர்களுக்கு முதலில் ஒரு சிரிப்பைக் கொடு, சீட்டை அப்புறம் கொடு. கோபமாக இருக்கும்போது எந்த ஃபைலையும் அழிக்காதே. மாமனார் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, நானா எழுதினேன், பரவாயில்லையே என்று தொடையில் தட்டிக்கொள்வார். மனுஷனுக்குள்ளே இவ்வளவு விஷயம் இருக்கிறதே என்று மலைத்து, இரண்டாவதைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து சர்வர் ரூம் கதவில் ஒட்டியும் வைத்திருந்தேன். பெண்டாட்டி சொன்னது என்று தெரிந்திருந்தால் ஒட்டியிருப்பேனா என்பது வேறு கேள்வி.

"வரியை எடுத்தா சரியாயிடும்னு எனக்கும் தெரியும்ங்க," என்றாள். "எடுக்க மனசு வரலை. என்னைக்காவது ஏதாவது வந்துடாதான்னு பார்த்துட்டே இருப்பேன்."

எங்கிருந்து வரும், பழைய இரும்புக் கடையிலிருந்தா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வீடு போய்ச் சேரும் வரை அவள் என்னோடு பேசவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மட்டும், அப்பாவிடம் உளறினால் அக்கரைக் கிளைக்கு நானே சந்தோஷமாகப் போய்விடுவேன் என்று எச்சரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். மாமனார் முதல் வாய் எடுத்து வைத்ததுமே அந்த ஃபைலைப் பற்றி விசாரித்தார். எனக்குள் எதுவோ அறுந்தது. கை வைத்தேன் மாமா, கை மட்டும் இல்லை, கால், தலை எல்லாவற்றையும் வைத்தேன் என்று ஆரம்பித்தேன். பஞ்சு, பிரிண்டர், பனி ஒன்றையும் விடவில்லை. உங்களுடைய தாராள மனசால் ஒரு ஆபீசே வருஷக் கணக்கில் கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது, நாளையிலிருந்து உங்கள் பெண் லேட்டாகப் போனால் அக்கரைக்குத் தூக்கி அடிக்கப் போகிறார்கள் என்று கொட்டித் தீர்த்தேன். மாற்றல் விஷயம் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் குழம்பு கொதித்திருக்கும்.

அவர் கோபப்படவில்லை. யோசித்தார். மற்றவர்களுக்கெல்லாம் சரியாகிவிட்டது என்றால் இவளுக்கு மட்டும் ஏன் லேட்டாகிறது என்று என்னைக் கேட்டார். நான் தட்டைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"யானையைக் கேட்டுட்டு நிக்குதா?" என்றார்.

யானை செத்தது உங்களுக்குத் தெரியுமா மாமா என்றேன்.

"மாப்ள, நான் எழுதி வச்சதெல்லாம் குடை எடுத்துக்கோ, தண்ணி குடி, கண்ணை டெஸ்ட் பண்ணிக்கோ. அவ்வளவுதான் எனக்கு எழுத வரும். ஒரு நாள் சாயங்காலம் இவ வந்து, வரிசையில நிக்கிறவங்களுக்கு ஒரு சிரிப்பைக் குடுன்னு வந்துச்சுப்பாங்கறா. நான் எங்க அதை எழுதினேன்? யானை போயிடுச்சுன்னு அன்னைக்கே புரிஞ்சுபோச்சு."

என் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. தெரிந்துகொண்டேவா இத்தனை நாள் கேட்டீர்கள், தினமும் பஸ்ஸில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டு வருவேனே, கண்டக்டர் சீட்டு நீட்டினால்கூடக் கவனிக்க மாட்டேனே என்று பொரிந்து தள்ளினாள்.

"நீ என்ன சொல்லப் போறேன்னு கேக்கத்தான் கண்ணு," என்றார் அவர். "அதுக்குத்தான் சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருப்பேன்."

அவளுக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, அந்த வரியில் தான் எவ்வளவு கெடு வைத்திருந்தார் என்று கேட்டார். ஆபீசில் கேட்பது போலவே கேட்டார். வைக்கவே இல்லை மாமா என்றேன். யானை எப்போது செத்தது, அதிலிருந்து எத்தனை காலைகள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டார் என்று நினைக்கிறேன். பிசைந்த சோறு கையிலேயே காய்ந்தது.

"அப்ப தினமும் எனக்காக அங்க உக்காந்திருந்தாளா," என்றார்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து எனக்கும் கலங்கியது. இத்தனை வருஷமாக இந்த மனுஷன்மேல் சேர்த்து வைத்திருந்த எரிச்சல் எங்கே போனதென்றே தெரியவில்லை. நல்லவேளையாக அவரே அதைத் திருப்பிக் கொடுத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, லாகின் எந்த மெஷினுக்காகவும் காத்திருக்கக் கூடாது மாப்ள, தேவையானதைப் பக்கத்திலேயே பிரதி எடுத்து வைக்க வேண்டும், மற்றதைப் பின்னணியில் விட வேண்டும், எல்லாவற்றுக்கும் கெடு வைக்க வேண்டும் என்று எனக்கு விளக்க ஆரம்பித்தார். நேற்று நான் செய்தது அத்தனையும் அப்படியே வந்தது. சாயங்காலம் வரை விளக்கினார்.

அந்த வரியை யார் எடுப்பது என்ற பேச்சு வந்தபோது, நானே எடுத்துக்கொள்கிறேன் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் அம்மா கவுன்ட்டருக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். பக்கத்தில் நான். வாட்ச்மேன் கதவைத் திறந்தார், வரிசை உள்ளே வந்தது. பக்கத்து மெஷினில் நான் திறந்து வைத்திருந்த தன்னுடைய ஃபைலில் என் மனைவி அந்த ஒற்றை வரியைப் படித்துப் பார்த்துவிட்டு அழித்தாள். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினாள். விரலை எடுப்பதற்குள் திரை திறந்துவிட்டது. முதல் ஆள் இன்னும் சட்டைப் பையில் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தார். மேனேஜர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். அக்கரைக் கிளை என் தலையிலிருந்து இறங்கியது.

அவள் மட்டும் திரையின் மேல் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாக்கியம் வருகிற இடம் அது. காத்திருக்க இப்போது எதுவும் இல்லை. அப்படியே கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டு, கவுன்ட்டர் போனை எடுத்து வீட்டு நம்பரைப் போட்டாள். முதல் மணி முழுசாக அடிக்கவில்லை, அதற்குள் எடுத்துவிட்டார்.

"வந்துட்டேன்பா," என்றாள்.

மாமனாருக்கு போனில் மெதுவாகப் பேசத் தெரியாது. வரிசைக்கே கேட்டது. குடை எடுத்துக்கொண்டு போனாயா, தண்ணீர் குடித்தாயா, கண்ணை எப்போது டெஸ்ட் பண்ணிக்கொள்ளப் போகிறாய் என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. இவள் ரிசீவரைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, எடுத்துட்டு வந்தேன்பா, குடிக்கிறேன்பா என்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். முதல் ஆள் நீட்டிய பாட்டில் நீட்டியபடியே நின்றது. வரிசை ஒரு அடி நகரவில்லை.

மேனேஜர் அம்மா என் பக்கம் சாய்ந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்றீர்களே சார், இப்போது எதற்காகக் காத்திருக்கிறோம் என்று கேட்டார்.

"மெஷினெல்லாம் சரியாயிடுச்சு மேடம்," என்றேன். "இது அவங்க அப்பா."